ஜெர்மன் கனரக பீரங்கி மினியேச்சர்கள்: எதை வாங்குவது, மேசையில் எங்கே வைப்பது?

இரண்டாம் உலகப் போரைச் சிறு உருவங்களும் பகடையும் வைத்து மேசையில் ஆடும் ஒருவர் கேட்டது: "என்னிடம் ஒரு கம்பெனி (சுமார் நூறு பேர்) அளவுக்கு ஜெர்மன் காலாட்படை இருக்கிறது. இனி கனரக பீரங்கி சேர்க்க ஆசை. 15 செ.மீ. ஹோவிட்சர் வாங்குவதா, 21 செ.மீ. மோர்சரா, ரயில் பீரங்கியா? எந்த ஸ்கேல் நல்லது? என்ன நிறம் அடிப்பது?"

முதலில் பீரங்கியை வாங்காதீர்கள். பீரங்கிக்குக் கண்ணாக இருக்கும் ஆளை வாங்குங்கள். முன்னணிப் பார்வையாளர் ஒருவர், அவருக்கு ஒரு ரேடியோக்காரர், முடிந்தால் கத்தரி போல இரண்டு குழல் நீட்டிய தொலைநோக்கி ஒன்று. கனரக பீரங்கி மேசைக்கு வருவது பெரும்பாலும் இவர்கள் மூலமாகத்தான். பீரங்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த பீரங்கிக்கு மேசையில் உண்மையாகவே வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஜெர்மன் டிவிஷன்களின் முக்கியமான கனரக ஆயுதம் 15 செ.மீ. எஸ்.எஃப்.எச். 18 ஹோவிட்சர், அதாவது குண்டை உயரே வளைத்து வீசும் பீரங்கி (செ.மீ. கணக்கு குழல் வாயின் அகலம்). 43.5 கிலோ குண்டை 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வீசும். 1/72 ஸ்கேலில் அந்தத் தூரத்தைச் சுருக்கினால் சுமார் 185 மீட்டர் வரும். 15 மி.மீ. உருவங்களின் 1/100 ஸ்கேலில் 133 மீட்டர். 6 மி.மீ. உருவங்களுக்கான 1/285க்குப் போனாலும் 46 மீட்டருக்கு மேல். நாம் ஆடும் மேசையோ ஆறடிக்கு நாலடி. 1/72இல் அதன் நீளம் நிஜத்தில் 130 மீட்டர்தான். முழுப் போர்க்களமும் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குள் அடங்கிவிடும். அதன் ஒரு மூலையில் 15 செ.மீ. ஹோவிட்சரை நிறுத்தி, மறு மூலையில் நிற்கும் எதிரியை மேல்நோக்கிச் சுடுவது என்பது நிஜத்தில் நடக்கவே முடியாத காட்சி.

விதிகளை எழுதுபவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உருவத்தின் ஸ்கேல் ஒன்று, தரையின் ஸ்கேல் வேறு என்று வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். 'ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்' போன்ற விளையாட்டில் பீரங்கி பேட்டரிகளை (சில பீரங்கிகள் சேர்ந்த குழுக்களை) மேசையின் பின் ஓரத்தில் நிறுத்த விடுவதும் இதனால்தான். பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஹோவிட்சருக்கு இருபது அங்குலம் தள்ளி டாங்கிகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு உறுத்தும். உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள், விளையாட்டு உங்களுடையது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 1939இன் வழக்கமான ஜெர்மன் காலாட்படை டிவிஷனில் 10.5 செ.மீ. இலகு ஹோவிட்சர்கள் 36, 15 செ.மீ. ஹோவிட்சர்கள் 12. பதினேழாயிரம் பேர் கொண்ட ஒரு படைக்கே கனரகம் மொத்தம் பன்னிரண்டுதான். உங்களிடம் இருப்பதோ நூறு பேர். அந்த நூறு பேர் பீரங்கியைக் கண்ணால் பார்ப்பது அரிது. தலைக்கு மேலே குண்டு போகும் சத்தத்தைத்தான் கேட்பார்கள்.

அப்படியானால் ஒரு காலாட்படை கம்பெனியோடு தோளுரசி நிற்கும் பெரிய பீரங்கியே கிடையாதா? உண்டு. 15 செ.மீ. எஸ்.ஐ.ஜி. 33. என்னைக் கேட்டால் நீங்கள் வாங்க வேண்டிய முதல் பீரங்கி இதுதான். இது பீரங்கிப் படையின் ஆயுதமே அல்ல, காலாட்படையின் சொந்தச் சொத்து. ஒவ்வொரு காலாட்படை ரெஜிமெண்டின் 13ஆம் கம்பெனியிலும் 7.5 செ.மீ. சிறு பீரங்கிகள் ஆறும் இந்தப் பெரியது இரண்டும் இருந்தன. குட்டையான குழல், 38 கிலோ குண்டு, எட்டும் தூரம் 4,700 மீட்டர் மட்டுமே. அதனால் முன்வரிசைக்கு அருகிலேயே வந்தாக வேண்டும். சில சமயம் தெருமுனையில் நிறுத்தி எதிரே தெரியும் வீட்டை நேராகவே சுட்டார்கள். மேசையில் அதை நிறுத்தினால் பொய்யாகத் தோன்றாது. குழலின் வாயில் செருகிச் சுடும் ஒரு பெரிய தகர்ப்புக் குண்டும் இதற்கு உண்டு. 90 கிலோ எடை, ஆயிரம் மீட்டர் தூரம். பங்கர், முள்வேலி, கண்ணிவெடி நிலம் இவற்றை உடைக்க வந்தது. பிளாஸ்டிக் குச்சியில் அதை நீங்களே செய்து பீரங்கியின் முன்னால் சொருகிவிட்டால், பார்ப்பவர்கள் இது என்ன என்று கேட்காமல் போக மாட்டார்கள்.

எஸ்.ஐ.ஜி.யின் எடை 1.7 டன்னுக்கு மேல். காலாட்படை பீரங்கிக்கு அது ரொம்ப அதிகம். கையால் தள்ளிப்போவது உயிர் போகும் வேலை. அதனால்தான் அதை வண்டிமேல் ஏற்ற ஜெர்மானியர்கள் தொடர்ந்து முயன்றார்கள். மேசை ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு விருந்து. 1940இல் பிரான்ஸ் போருக்கு, பன்சர் 1 டாங்கியின் மேல் பீரங்கியைச் சக்கரத்தோடு அப்படியே ஏற்றிக் கட்டினார்கள். மொத்தம் 38 வண்டிகள். பக்கத்தில் நிற்பவனின் தலையைவிட ரொம்ப உயரத்தில் ஆடிக்கொண்டு போகும் விநோத வண்டி. 1942இல் பன்சர் 3இன் அடிப்பகுதியில் பெட்டி மாதிரி கவசம் கட்டி 24 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் பாதி ஸ்டாலின்கிராட் தெருக்களுக்குப் போனது. பிறகு பன்சர் 38(டி) மேல் கட்டிய 'கிரில்லே', பன்சர் 4 மேல் கட்டிய 'ப்ரும்பேர்'. ஸ்டாலின்கிராட் ஆடுபவர் அந்த 24இல் ஒன்றை வைத்திருந்தால் நியாயம். மூன்று வைத்திருந்தால், சரி, உங்கள் இஷ்டம்.

பல குழல் ராக்கெட் வீசி நெபல்வெர்ஃபர் 41ஐப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஆறு குழல், 15 செ.மீ. ராக்கெட், ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். மாடல் சிறியது, மலிவு, கட்டுவதும் சுலபம். ஆனால் அதன் இடமும் மேசைக்கு வெளியேதான். சுட்டவுடன் பெரிய புகைவால் எழும்பி நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். இடம் மாறாவிட்டால் எதிரி பீரங்கி வந்து விழும். சுடும்போது ஆட்கள் பக்கத்தில் நிற்பதும் இல்லை. சற்றுத் தள்ளிப் பள்ளத்தில் பதுங்கி, மின்கம்பி வழியாகப் பற்ற வைப்பார்கள். எனவே ஆட்கள் குழலைக் கட்டிப்பிடித்து நிற்கும் சில உருவத் தொகுப்புகளை நான் 'குண்டு ஏற்றும் நேரம்' என்று மட்டுமே ஏற்றுக்கொள்வேன். ராக்கெட்தான் வேண்டும் என்றால், கவச ஹாஃப்-டிராக்கின் (முன்னால் சக்கரமும் பின்னால் டாங்கி போலச் சங்கிலியும் கொண்ட வண்டி) பக்கவாட்டில் ராக்கெட் சட்டங்களை மாட்டிய வண்டியை வாங்குங்கள். அதன் 28 செ.மீ. ராக்கெட் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகாது. ஆகவே முன்வரிசையோடு சேர்ந்துதான் வேலை செய்தாக வேண்டும், மேசையிலும் அது பொருந்தும்.

இனி உங்கள் கேள்வியில் இருந்த 15 செ.மீ. ஹோவிட்சர். இதை வாங்க முடிவு செய்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி எதனால் இழுக்கப்பட்டது என்பது. போர்க்காலப் பிரசாரப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஜெர்மன் படை என்றாலே இயந்திரமயம் என்று நாம் நினைத்துவிட்டோம். ஒரு காலாட்படை டிவிஷனுக்குச் சுமார் ஐயாயிரம் குதிரைகள் இருந்தன. இந்த ஹோவிட்சர் சுடும் நிலையில் ஐந்தரை டன். ஆறு குதிரைகளால் இழுக்க முடியாது. ஆகவே குழலைக் கழற்றித் தனி வண்டியில் ஏற்றி, குழலுக்கு ஆறு குதிரை, பீடத்துக்கு ஆறு குதிரை என்று பிரித்தார்கள். நாலு பீரங்கி கொண்ட ஒரு பேட்டரிக்குப் பீரங்கிகளை இழுக்க மட்டுமே 48 குதிரைகள். குண்டு வண்டி, சமையல் வண்டி, கம்பி வண்டி எல்லாம் தனிக் கணக்கு.

28 மி.மீ. உருவங்களில் ஒரே பீரங்கிக்கு 12 குதிரைகள் வாங்கினால் மாதச் சம்பளத்தில் பள்ளம் விழும். 15 மி.மீ.யிலும் 1/72 பிளாஸ்டிக்கிலும் இது சாத்தியம். 6 மி.மீ.யில் முழு பேட்டரியையும் சாலையில் வரிசையாக நிறுத்தலாம், அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை. எதிரி விமானம் சாலையில் போகும் குதிரைப் பேட்டரியைத் தாக்குவது, பின்வாங்கும்போது பாலத்தில் நெரிசல் ஏற்படுவது, பனியில் சிக்கிய வண்டியை விடுவிப்பது என்று ஆட்டங்கள் அமைத்தால், சுடாத பீரங்கிக்கும் மேசையில் இடம் கிடைத்துவிடும். கனரக பீரங்கி மாடலுக்கு மிக நேர்மையான பயன்பாடு இதுவே என்பது என் கருத்து. நின்று சுடுவதைவிட, நகர முடியாமல் தவிக்கும்போதுதான் அது காலாட்படை ஆட்டத்துக்குள் இயல்பாக வருகிறது.

பன்சர் (டாங்கி) டிவிஷனுக்காக வாங்குகிறீர்கள் என்றால் 8 டன் ஹாஃப்-டிராக் இழுக்கும். அப்போது குழலைக் கழற்ற வேண்டியதில்லை, பின்னால் இழுத்துப் பீடத்தின் மேல் பூட்டிவிடுவார்கள். பல மாடல்களில் சுடும் நிலையில் இருப்பதைப் போலவே குழலை முன்னால் நீட்டியபடி வண்டியில் கோத்து வைத்திருப்பார்கள். குழலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒட்டினால் போதும், சரியாகிவிடும். சக்கரத்தையும் கவனியுங்கள்: குதிரை இழுப்பதற்கு இரும்புப் பட்டை, வண்டி இழுப்பதற்குக் கெட்டி ரப்பர். 1943இலிருந்து பன்சர் டிவிஷன்களில் இதே குழல் 'ஹும்மல்' என்ற தானே நகரும் பீரங்கி வண்டியில் ஏறியது. 700க்கும் மேல் செய்தார்கள், ஒரு பேட்டரிக்கு ஆறு. பெரிய வண்டி, அழகான கிட், ஆனால் அதுவும் பின்வரிசைப் பிராணிதான். மேலே கூரை இல்லை, கவசம் மெல்லியது. டாங்கி என்று நினைத்து முன்னால் ஓட்டிக்கொண்டு போனால் சில திருப்பங்களிலேயே போய்விடும்.

17 செ.மீ. கே. 18, 21 செ.மீ. மோர்சர் 18 இரண்டும் ஒரே பீடத்தில் உட்காரும் க்ரூப் நிறுவனத் தயாரிப்புகள். 17 செ.மீ. பீரங்கி 68 கிலோ குண்டை 29 கிலோமீட்டருக்கு மேல் வீசும். 21 செ.மீ. ஆயுதம் 113 கிலோ குண்டை 16 கிலோமீட்டருக்கு மேல் வீசும். 17 டன் எடையுள்ள இந்தப் பீரங்கிகளைச் சில பேரே சுற்றித் திருப்ப முடிந்தது. பீடம் இரட்டைப் பின்னடிப்பு முறையில் வேலை செய்யும்: குழல் தன் தொட்டிலில் பின்னே போகும், மேல்பீடமும் கீழ்ப்பீடத்தின் மேல் பின்னே சறுக்கும். அதனால்தான் அவ்வளவு பெரிய பீரங்கி குதிக்காமல் நிலையாக நின்றது. மாடலாகச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது, சுடும் நிலையில் எடை தரைத்தட்டின் மேல்தான் உட்காரும், சக்கரத்தின் மேல் அல்ல. சக்கரம் மண்ணில் அழுந்தியபடி நின்றால், தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும். 17 செ.மீ. குழல் மட்டும் எட்டரை மீட்டர் நீளம்; 28 மி.மீ. உருவங்களுக்கான 1/56இல் 15 செ.மீ. வரும், மேசையில் ஒரு வீட்டைவிட நீளம். கண்ணாடி அலமாரிக்கு அருமையான பொருள். ஆட்டத்துக்கு என்றால் 6 மி.மீ.யில் வாங்குங்கள்.

ரயில் பீரங்கியும் ராட்சத மோர்ட்டாரும் எல்லாருக்கும் வரும் ஆசைதான். 28 செ.மீ. கே. 5 ரயில் பீரங்கி 64 கிலோமீட்டர் எட்டும். மொத்தம் 25 செய்தார்கள். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளை 'ராபர்ட்', 'லியோபோல்ட்' என்ற இரண்டு இப்படித்தான் அடித்தன. சுடாத நேரத்தில் சுரங்கப்பாதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். 'லியோபோல்ட்' இன்றும் அமெரிக்காவில் இருக்கிறது, இன்னொரு கே. 5 பிரான்சில் கலே அருகே டோட் பேட்டரி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 60 செ.மீ. 'கார்ல்' மோர்ட்டார் ஏழுதான் செய்யப்பட்டது. 80 செ.மீ. 'டோரா' 1942 ஜூனில் கிரிமியாவின் செவஸ்தபோலில் ஐம்பதுக்கும் குறைவான குண்டுகளே சுட்டது. அதற்காக இரட்டைத் தண்டவாளம் போட்டு, 1,350 டன் இரும்பை அங்கேயே கோத்து, ஆயிரக்கணக்கான ஆட்களை வேலை வாங்கினார்கள். கே. 5, கார்ல் இரண்டும் ஹசேகாவாவின் பழைய 1/72 கிட்டாகக் கிடைக்கும். டோராவை அதே ஸ்கேலில் ஹாபி பாஸ் செய்திருக்கிறது. கட்டி முடித்தால் 65 செ.மீ. நீளம், மேசை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். இவற்றை வைத்து ஆட ஒரே வழிதான்: பீரங்கி ஆட்டத்தின் இலக்காக இருக்கட்டும். சுரங்கப்பாதை வாயில், ரயில் பாதை, காவல் படை, தகர்க்க வரும் குழு. டோரா எதிரியைச் சுடுவதாக விதி எழுதத் தொடங்கினால் ஆட்டம் சிரிப்பாகிவிடும். கார்ல் விஷயத்தில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. 1944இல் அதை வார்சா நகரத்தின் மேல் பயன்படுத்தினார்கள், உள்ளே மக்கள் இருக்கும்போதே. அந்த ஆட்டத்தை நான் மேசையில் வைப்பதில்லை.

பீரங்கியே இலக்கு என்ற யோசனை 10.5 செ.மீ., 15 செ.மீ. வகைகளுக்கும் பொருந்தும். பிரான்சின் நார்மண்டியில் இதற்கு நல்ல வரலாறு உண்டு. நேச நாட்டுப் படைகள் அங்கே இறங்கிய 1944 ஜூன் 6 காலையில் ப்ரேகூர் பண்ணை அருகே புதர்வேலிக்குள் இருந்த நான்கு 10.5 செ.மீ. ஹோவிட்சர்களை ரிச்சர்ட் வின்டர்ஸ் தலைமையில் ஒரு சிறு அமெரிக்கப் பாராசூட் குழு பிடித்தது. ஒரு பதுங்குகுழி வரிசை, நாலு பீரங்கி, சில எந்திரத் துப்பாக்கிகள். ஆறடி மேசைக்காகவே அமைந்த சண்டை. அன்று விடியும் முன்பே மெர்வீல் பேட்டரியை பிரிட்டிஷ் பாராசூட் அதிகாரி டெரன்ஸ் ஒட்வே சுமார் 150 பேரோடு தாக்கினார். 15 செ.மீ. பீரங்கி இருக்கும் என்று போனவர்களுக்குக் கிடைத்தது செக் நாட்டின் பழைய 10 செ.மீ. ஹோவிட்சர்கள். பாயின்ட் து ஹாக் பாறை உச்சிக்கு ஏறிய அமெரிக்க ரேஞ்சர்கள் பீரங்கி மேடைகள் காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். பிரெஞ்சு 155 மி.மீ. பீரங்கிகள் உள்ளே தள்ளி மறைக்கப்பட்டிருந்தன. லோங்க்-சுர்-மேரில் நாலு 15 செ.மீ. கடற்படை பீரங்கிகள் இன்றும் தங்கள் கான்கிரீட் கூண்டிலேயே இருக்கின்றன. படங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் அளவு பார்த்துச் செய்யலாம்.

இந்த உதாரணங்களில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. ஜெர்மானியர் கைப்பற்றிய பீரங்கிகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்: பிரெஞ்சு 155, செக் ஸ்கோடா, சோவியத் 152 மி.மீ. எம்.எல்-20. உங்களிடமோ நண்பரிடமோ சும்மா கிடக்கும் சோவியத் ஹோவிட்சர் கிட் இருந்தால், அதற்கு ஜெர்மன் மஞ்சள் அடித்து ஜெர்மன் ஆட்களை நிறுத்துங்கள். வரலாற்றுப்படி அது முழுக்கச் சரி, புதிதாக வாங்கவும் வேண்டாம்.

ஸ்கேல் பற்றி இப்போது சொல்வது எளிது. உங்கள் காலாட்படை எந்த ஸ்கேலில் இருக்கிறதோ அதிலேயே எஸ்.ஐ.ஜி.யும் பார்வையாளரும். புதிதாகத் தொடங்குபவர் என்றால், பீரங்கிக்காகவே 1/72ஐப் பரிந்துரைப்பேன். பிளாஸ்டிக், விலை குறைவு, ஸ்வெஸ்டா போன்றவை விளையாட்டுக்காகவே எளிய கிட்களும் போடுகின்றன. 28 மி.மீ.க்கு வார்லார்ட் கேம்ஸ், ரூபிகான், 15 மி.மீ.க்கு பேட்டில்ஃப்ரண்ட், 6 மி.மீ.க்கு அமெரிக்காவின் ஜி.எச்.க்யூ. உலோக மாடல்கள் நுணுக்கத்தில் அபாரம். நம் ஊரில் இவற்றை வைத்து விற்கும் கடைகள் குறைவு, வெளியிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்கமும் மாடல் விலையைத் தொட்டுவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவரிடம் ரெசினில் எடுப்பது பீரங்கிக்கு நன்றாகவே வருகிறது. நீளமான குழல் மட்டும் வளைந்து வரும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் வையுங்கள். அச்சு ரெசின் கொஞ்சம் முறுகலாக இருந்தால் அதே இடத்தில் பித்தளைக் குழாய் வைப்பது நல்லது. எந்தப் பொருளானாலும் குழல் வாயைச் சிறு கைத்துளைப்பானால் குடைந்துவிடுங்கள். அடைபட்ட வாயோடு நிற்கும் பீரங்கியை எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் பொம்மையாகவே தெரியும்.

ஒட்டுவதற்கு முன் ஆண்டை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் குழல் முனை அதைப் பொறுத்தது. 10.5 செ.மீ. ஹோவிட்சரில் முனைத் தடுப்பு (பின்னடிப்பைக் குறைக்கும் முனைத் துண்டு) வந்தது 1940க்குப் பிறகு, தூரம் 10.6 கிலோமீட்டரிலிருந்து 12.3க்கு ஏறியது. 15 செ.மீ. வகையில் 1942இலிருந்து. கிட்டில் முனைத் தடுப்பு இருக்கிறது என்பதற்காக 1940 பிரான்சுக்கு ஒட்டிவிடக் கூடாது.

வண்ணத்திலும் இதே தேதிக் கணக்குதான். 1940 ஜூலை வரை அடர் சாம்பலோடு அடர் பழுப்புத் திட்டுகள். பிறகு முழுச் சாம்பல், ஜெர்மன் நிறப் பட்டியலில் ஆர்.ஏ.எல். 7021. 1941இல் ஆப்பிரிக்காவுக்கு மஞ்சள் பழுப்பு வந்தது. 1943 பிப்ரவரியிலிருந்து எல்லா இடத்துக்கும் அடர் மஞ்சள் அடிப்படை, அதன்மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும். மேலிருந்து உத்தரவு வந்த அன்றே எல்லா பீரங்கியும் நிறம் மாறவில்லை. 1943 கோடையில் சாம்பல் நிறப் பீரங்கி ஒன்று நின்றால் தவறே இல்லை. சாம்பலை டப்பாவில் இருப்பதுபோலவே அடித்தால் சிறிய மாடலில் கறுப்பாகத் தெரியும். இரண்டு படி வெளிறச் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம், ஈரக்காற்றில் மாவு பூத்தது போல வெளுத்துவிடும். தூரிகையால் அடிக்கும் பிரைமரே மேல். பின்வரிசைப் பீரங்கிக்கு மூன்று நிறக் கோலத்தைவிட மறைப்பு வலை நன்றாகப் பொருந்தும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து மேலே விரித்து, காய்ந்தபின் பச்சை பழுப்புத் தூள் தூவினால் போதும்.

ஆட்களின் தோள்பட்டை விளிம்பு நிறத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பீரங்கிப் படைக்குப் பளிச் சிவப்பு. ராக்கெட் படைக்கு ஒயின் சிவப்பு. எஸ்.ஐ.ஜி. காலாட்படையினுடையது என்பதால் வெள்ளை. 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களில் பெரும்பாலோர் விமானப்படை ஆட்கள்; சீருடையே நீலச்சாம்பல். 28 மி.மீ.யில் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் போதும், 6 மி.மீ.யில் மறந்துவிடுங்கள். அப்புறம் குண்டுகள்: வெடிகுண்டு அடர் பச்சை, உந்துமருந்துக் குப்பி பித்தளை நிறம். ஹோவிட்சரில் இவை இரண்டும் தனித்தனியாகத்தான் ஏறும், தூரத்துக்கு ஏற்ப மருந்துப் பொதிகளைக் கூட்டிக் குறைப்பார்கள். எனவே ஒருவன் குண்டையும் இன்னொருவன் குப்பியையும் தூக்கி வருவதாக ஆட்களை நிறுத்துங்கள். துப்பாக்கித் தோட்டா போல ஒரே துண்டாகத் தூக்கி வரும் உருவம் அந்தப் பீரங்கிக்குச் சேராது.

கடைசியாக விதிகள். 'போல்ட் ஆக்‌ஷன்' என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் ஹோவிட்சர் மறைமுகமாகச் சுட்டால் முதல் முறை பகடையில் 6 விழ வேண்டும். இலக்கு நகராமல் இருந்தால் அடுத்த முறை 5, பிறகு 4 என்று இறங்கும். அனுபவமுள்ள எதிரி நின்ற இடத்தில் நிற்க மாட்டான். அதனால் மேசையில் நிற்கும் ஹோவிட்சர் பெரும்பாலும் எதிரியை விரட்டத்தான் பயன்படும், கொல்ல அல்ல. பார்வையாளர் கேட்கும் பீரங்கித் தாக்குதல் வேறு மாதிரி: வரலாம், தாமதமாகலாம், வேறு இடத்தில் விழலாம், பகடை சொல்லும். இதுதான் நிஜத்துக்கு அருகில் இருக்கிறது. இதோடு நான் சேர்க்கும் வீட்டு விதி ஒன்று உண்டு. பார்வையாளரிடம் ரேடியோவா, தொலைபேசிக் கம்பியா என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கம்பி என்றால் அழைப்பு தவறாமல் போகும், ஆனால் அவர் இடம் மாற முடியாது. எதிரி மோர்ட்டார் அருகில் விழும் ஒவ்வொரு முறையும் பகடை போட்டு 1 வந்தால் கம்பி அறுந்தது. ஒருவன் ஊர்ந்து போய்ச் சரி செய்ய வேண்டும். ரேடியோ என்றால் எங்கும் போகலாம், ஒவ்வொரு அழைப்புக்கும் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் தொடர்பு கிடைக்கும்.

எதிரணி பிரிட்டிஷ் அல்லது அமெரிக்கர் என்றால் அவர்களுக்கு இன்னும் எளிதாகப் பீரங்கி கிடைக்க விடுங்கள். பல பேட்டரிகளை ஒரே இலக்கில் சட்டென்று குவிப்பதில் அவர்கள் ஏற்பாடு ஜெர்மானியருடையதைவிட வேகமானது, 1944இல் குண்டுக்கும் பஞ்சமில்லை. ஜெர்மன் தரப்பில் அந்த ஆண்டு குண்டு எண்ணித்தான் சுட்டார்கள். ஆட்டத்துக்கு இரண்டு அழைப்புகளுக்கு மேல் தராதீர்கள்.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: பார்வையாளர் குழு, ஒரு எஸ்.ஐ.ஜி. 33, அதை இழுக்கும் ஆறு குதிரைகள். ப்ரேகூர் ஆட வேண்டும் என்று தோன்றும்போது 10.5 செ.மீ. ஹோவிட்சர்கள் நாலு. 15 செ.மீ. ஹோவிட்சரை 6 மி.மீ.யில் தனியாகத் தொடங்குங்கள், அங்கே முழு பேட்டரியும் 48 குதிரைகளும் ஒரு புத்தக அலமாரித் தட்டுக்குள் அடங்கும்.